பவர் போட்ட கூலிங் கிளாஸ்: பைக்குக்கும் கிரிக்கெட்டுக்கும் ஒன்றே போதுமா?

புதாறு_கரை | மே 9, இரவு 9.20

தஞ்சாவூரில் வீடு, கும்பகோணத்தில் வேலை. காலையில் கிழக்கே போகிறேன், மாலையில் மேற்கே திரும்புகிறேன். அதாவது இரண்டு வேளையும் சூரியன் எனக்கு நேர் எதிரில். பன்னிரண்டு ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டேன். இந்த அக்கினி நட்சத்திரத்தில் முடியவில்லை. போன வாரம் பாபநாசம் தாண்டி ஓர் ஆடு குறுக்கே வந்தது கடைசி நொடியில்தான் தெரிந்தது. ஆடு பிழைத்தது, நானும் பிழைத்தேன். பைக்கின் இண்டிகேட்டர் பிழைக்கவில்லை.

வலது கண் மைனஸ் 3.25. இடது மைனஸ் 2.75, அதில் சிலிண்டர், அதாவது ஒரு திசைக்கு மட்டுமான கூடுதல் பவர், மைனஸ் 1. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருவது பஸ்ஸா வைக்கோல் லாரியா என்று சொல்ல முடியாது. ஆகவே தெருவோரத்தில் அட்டையில் குத்தி விற்கும் கூலிங் கிளாஸ் எனக்கு ஆகாது.

இதோடு சனிக்கிழமை விடியலில் திருவையாறு வரை சைக்கிள். ஞாயிறு அறுவடை முடிந்த வயலில் கிரிக்கெட். எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி என்று ஒரு கடையில் கேட்டேன். வெயிலில் தானாகக் கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் போட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்றார்கள். நம்பலாமா?

டோக்கன்_நம்பர் | மே 9, இரவு 9.51

தாராளமாக நம்பலாம். ஐந்து ஆண்டுகளாக அதுதான் போடுகிறேன். வீட்டில் வெள்ளை, தெருவில் கறுப்பு. இரண்டு பெட்டி தூக்கித் திரிய வேண்டாம், எங்கேயாவது மறந்து வைத்துவிட்டுத் தேடவும் வேண்டாம்.

மூன்றாவது_ஸ்லிப் | மே 9, இரவு 10.05

கிரிக்கெட்டுக்கு அது வேண்டாம் நண்பரே. வேப்பமர நிழலில் நின்றுவிட்டு மைதானத்துக்குள் வந்தால் அது கறுப்பதற்குள் ஒரு பந்து தலைக்கு மேலே வந்துவிடும். அனுபவம். புருவத்தில் இரண்டு தையல்.

லென்ஸ்வெட்டி | மே 10, காலை 6.40

இருபத்திரண்டு ஆண்டுகளாக லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிற வேலை. கடைப் பெயர் வேண்டாம். வியாபாரம் பேச வரவில்லை.

புதாறு தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். ஹெல்மெட் போடுகிறீர்களா? கண்ணாடி மூடியை இறக்கி ஓட்டுகிறீர்களா? ஆம் என்றால் ஃபோட்டோகுரோமிக் உங்களுக்கு அங்கேயே தோற்றுவிட்டது. அந்த லென்ஸ் கறுப்பது வெளிச்சத்தைப் பார்த்து அல்ல, புற ஊதாக் கதிரைப் பார்த்து. ஹெல்மெட் மூடி பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்; அது புற ஊதாவை உள்ளே விடாது. கார் முன்கண்ணாடியும் அப்படித்தான். வெளியே நெருப்பாகக் காயும், உள்ளே லென்ஸ் லேசான பழுப்பில் நின்றுவிடும்.

இரண்டாவது, நம் ஊர் வெயில். இந்த லென்ஸில் உள்ள சாயத்துக்குச் சூடு ஆகாது. குளிரில் அட்டைக் கறுப்பாக மாறும். 40 டிகிரி வெயிலில் பாதிக் கறுப்போடு நின்றுவிடும். பனிமலைக்காரனுக்குக் கொடுக்கிற கறுப்பை அது சித்திரையில் தஞ்சாவூர்க்காரனுக்குக் கொடுக்காது. காரில் ஓட்டுவதற்கென்று, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் சேர்த்துக் கறுக்கும் ஒரு வகை இருக்கிறது. விலை ஏறும், வீட்டுக்குள்ளும் கொஞ்சம் சாயல் தங்கும்.

கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. நடந்து போய்வருகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வங்கிக்கும் அஞ்சலகத்துக்கும் அலைகிறவர்கள் எல்லோருக்கும் நல்லது. எதிர் வெயிலில் நாற்பது கிலோமீட்டர் பைக் ஓட்டுகிறவருக்கு அது மருந்தல்ல.

டோக்கன்_நம்பர் | மே 10, காலை 7.15

இதை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். மார்கழியில் நன்றாகக் கறுக்கிறது, சித்திரையில் ஏமாற்றுகிறது, நமக்குத்தான் கண் கெட்டுவிட்டது என்று நினைத்துப் போன வருடம் பவர் பரிசோதனைகூடச் செய்துகொண்டேன். பவர் மாறவே இல்லை.

புதாறு_கரை | மே 10, காலை 8.02

ஹெல்மெட் உண்டு. மூடி இறக்கித்தான் ஓட்டுகிறேன், இல்லையென்றால் பூச்சி. அப்படியானால் நிரந்தரமாகச் சாயம் ஏற்றிய லென்ஸா? எவ்வளவு கறுப்பு? போலரைஸ்டு என்கிறார்களே, அது தேவையா, வெறும் விற்பனைப் பேச்சா?

லென்ஸ்வெட்டி | மே 10, இரவு 9.30

கடை சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கறுப்பு வேறு, காப்பு வேறு. இதைப் புரிய வைப்பதற்குள் ஒவ்வொரு நாளும் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். கறுப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைப்பது. காப்பு என்பது 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாவைத் தடுப்பது, யூ.வி. 400 என்று எழுதியிருப்பது அதைத்தான். முழுக்க வெள்ளையாக இருக்கும் லென்ஸும் புற ஊதாவைத் தடுக்க முடியும். அட்டைக் கறுப்பாக இருந்தும் தடுக்காத லென்ஸ் இருக்கிறது, அதுதான் ஆபத்து. இருட்டைக் கண்டு கண்ணின் பாவை விரிந்துகொள்ளும், விரிந்த வாசல் வழியே கதிர் கூடுதலாக உள்ளே போகும். பாலிகார்பனேட், டிரைவெக்ஸ் என்ற இரண்டு பிளாஸ்டிக்கும் தம் இயல்பிலேயே தடுப்பவை. சாதாரண சி.ஆர். 39 பிளாஸ்டிக்குக்குத் தனியே அந்தப் பதம் கொடுக்க வேண்டும். ஒழுங்கான கடைகளில் அளந்து காட்ட ஒரு சிறு கருவி வைத்திருப்பார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

கறுப்பின் அளவுக்கு 0 முதல் 4 வரை வகை உண்டு. 2 என்றால் ஒளியில் 18 முதல் 43 சதவீதம் உள்ளே வரும். 3 என்றால் 8 முதல் 18. 4 என்றால் 3 முதல் 8 தான். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. நம் ஊர் வெயிலுக்கு 3 சரி. ஆனால் உங்கள் சைக்கிள் விடியலில். சாலையோரப் புளியமர நிழலுக்குள் நுழைந்தால் 3 இருட்டடிக்கும், பள்ளம் தெரியாது. அதற்கு 2.

நிறம்: சாம்பல் நிறம் எல்லா நிறத்தையும் உள்ளபடி காட்டும், சிக்னல் விளக்கும் மாறாமல் தெரியும். பழுப்பு கொஞ்சம் மெருகு கூட்டும். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தூக்கிக் காட்டும். இரவில் ஓட்டுவதற்கு என்று மஞ்சள் கண்ணாடி விற்கிறார்களே, வாங்காதீர்கள். இரவில் குறைவாக இருக்கிற ஒளியையும் அது குறைக்கும்.

போலரைஸ்டு பற்றி. தண்ணீர், தார்ச்சாலை, கார் மேற்கூரை போன்ற படுகிடையான பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது. லென்ஸுக்குள் ஒட்டியிருக்கும் படலம் அதை மட்டும் வடிகட்டும். எதிரே நிற்கும் சூரியனை அது தனியாக ஒன்றும் செய்யாது; அதற்கு லென்ஸின் கறுப்புதான் வேலை செய்ய வேண்டும். ஆனால் தண்ணீர் திறந்த பிறகு சாலையின் இரண்டு பக்கமும் சேறடித்த வயல் பளபளக்குமே, அப்போது வித்தியாசம் தெரியும். விற்பனைப் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். டெல்டாவைப் போல அதற்குப் பொருத்தமான ஊர் குறைவு.

சம்பா_தாளடி | மே 11, காலை 5.50

திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம். எனக்கு வயது அறுபத்து மூன்று. வலது கண்ணில் மூக்கோரமாகச் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறி, போன ஆண்டு அறுவை செய்தார்கள். வெயில், காற்று, தூசி மூன்றிலும் காலமெல்லாம் நின்றால் இப்படி வரும் என்று மருத்துவர் சொன்னார். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வயலில் நின்றால் ஊர் சிரிக்கும் என்று நாற்பது ஆண்டுகள் நினைத்திருந்தேன். இப்போது போடுகிறேன். ஊர் சிரிக்கத்தான் செய்தது, நான்கு நாள்.

பவர் கண்ணாடிக்காரர்களுக்கு ஒன்று: முன்பக்கம் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது, தண்ணீரிலிருந்து கீழே இருந்தும் வருகிறது. சின்ன லென்ஸ் எதையும் மறைப்பதில்லை. அகலமான ஃபிரேம், மேலே ஒரு தொப்பி அல்லது தலைப்பாகை.

அறுவடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் வெள்ளைக் கண்ணாடியாவது போடட்டும். நெல் சுனையோ வைக்கோல் துரும்போ கண்ணில் கீறினால் பூஞ்சை பிடித்துக் கருவிழி புண்ணாகிவிடும். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படி ஒரு கண் போனது.

இரண்டாம்_மணி | மே 11, மாலை 5.25

மயிலாடுதுறை. பள்ளி ஆசிரியை, ஸ்கூட்டர். வெள்ளெழுத்து வந்து ஆறு ஆண்டுகள், மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாகப் பவர் மாறும் புரோகிரசிவ் லென்ஸ். அதிலேயே முழுக் கறுப்புப் போட்டுத் தருகிறேன் என்று ஓரிடத்தில் சொன்னார்கள், செய்துகொண்டேன். சாலை அருமையாகத் தெரிந்தது. ஸ்பீடோமீட்டரைக் குனிந்து பார்த்தால் கிணற்றுக்குள் பார்ப்பது போல இருந்தது. வெள்ளெழுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் பார்க்க வெளிச்சம் கூடுதலாக வேண்டும், அந்தப் பகுதியையே இருட்டாக்கிவிட்டார்கள். பிறகு மேலே கறுத்துக் கீழே வர வர வெளுக்கும் சாயம் போட்டு மாற்றிக்கொண்டேன். நாற்பதைத் தாண்டியவர்கள் முதலிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள்.

அவசரத்துக்குக் காந்தத்தில் ஒட்டும் கிளிப் வகையும் வைத்திருக்கிறேன். வகுப்பறைக்குள் போகும்போது பிடுங்கிப் பையில் போட்டுவிடலாம். ஸ்பிரிங் கிளிப் வேண்டாம், லென்ஸில் கீறல் விழுகிறது.

புதாறு_கரை | மே 11, இரவு 8.10

ஐயா, அக்கா, நன்றி. எனக்கு முப்பத்தெட்டு. வெள்ளெழுத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

பைக்குக்குச் சாம்பல் நிறத்தில் போலரைஸ்டு, வகை 3 என்று முடிவு செய்துவிட்டேன். கிரிக்கெட்டுக்கு? அதையே போட்டு ஆடக் கூடாதா? சைக்கிளும் கிரிக்கெட்டும் சேர்த்து இரண்டாவது ஒன்று என்றால் வீட்டில் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது_ஸ்லிப் | மே 11, இரவு 8.44

தையலுக்கு ஆன செலவை வீட்டில் சொல்லுங்கள், அனுமதி கிடைத்துவிடும்.

மைனஸ் 4 போடுகிறேன். ஆடுவதற்குத் தனியாக நைலான் ஃபிரேம், பழுப்பு நிற பாலிகார்பனேட், வகை 2. தண்ணீர் இல்லாத வயலில் போலரைஸ்டுக்கு வேலை இல்லை என்று அதை எடுக்கவில்லை, காசு மிச்சம். காய்ந்த தாளடித் தரையில் பழுப்பு நிறத்தில் பந்து துலக்கமாகத் தெரிகிறது. மூக்கிலும் காதிலும் ரப்பர் பிடி இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது ஓவரிலேயே வியர்வையில் வழுக்கி உதட்டுக்கு வந்துவிடும்.

கடினப் பந்து என்றால் எந்தக் கண்ணாடியும் கவசமல்ல, ஹெல்மெட் கம்பிதான் கவசம்.

லென்ஸ்வெட்டி | மே 12, காலை 6.15

ஸ்லிப் தம்பி சொன்னது சரி. விளையாட்டுக்குக் கண்ணாடிக்கல் லென்ஸ் கூடவே கூடாது. உடைந்தால் சில்லு கண்ணுக்குள். சி.ஆர். 39-உம் நொறுங்கக்கூடியதுதான். பாலிகார்பனேட் அடி தாங்கும். அதன் குறை, ஓரப் பார்வையில் மெல்லிய வானவில் கீற்று தெரியும். பவர் கூடக் கூட அதிகமாகும். அதைக் குறிக்கும் அபே எண் பாலிகார்பனேட்டுக்கு 30, சி.ஆர். 39-க்கு 58. எண் கூடினால் கீற்று குறையும். டிரைவெக்ஸ் இடையில் நிற்கிறது, அடியும் தாங்கும், விலைதான் உறுத்தும்.

சாயம் பற்றி ஒரு வார்த்தை. சி.ஆர். 39-ஐச் சூடான சாயத் தொட்டியில் முக்கி எடுப்போம். திருபுவனத்துப் பட்டுக்கு ஏற்றுவது போலத்தான்: எவ்வளவு நேரம் ஊறுகிறதோ அவ்வளவு கறுப்பு. பாலிகார்பனேட் சாயத்தைக் குடிக்காது. அதன் மேல் பூசிய கீறல் தடுப்புப் பூச்சுதான் குடிக்கும். அதனால் எல்லாக் கடையிலும் அதில் அடர்ந்த நிறம் சீராக வராது. நிறம் ஏற்றியே வருகிற லென்ஸாகக் கேளுங்கள்.

முகத்தைச் சுற்றி வளைந்து வரும் விளையாட்டு ஃபிரேம் மீது ஆசை இருந்தால் கவனம். சாதாரண ஃபிரேமின் வளைவு எண் 4 அல்லது 6, அதன் எண் 8; எண் கூடினால் வளைவு கூடும். அதில் லென்ஸ் கண்ணுக்கு நேராக நிற்காமல் சாய்ந்து நிற்கும். உங்கள் சீட்டில் உள்ள பவரை அப்படியே போட்டால் கண்ணுக்கு அந்தப் பவர் கிடைக்காது. சாய்வு தன் பங்குக்கு ஒரு சிலிண்டரைச் சேர்த்துவிடும். சாய்வைக் கணக்கிட்டு மாற்றிய பவரில் லென்ஸ் வரவழைக்க வேண்டும். கடைக்காரர் ஃபிரேமை உங்கள் முகத்தில் மாட்டி வைத்து, வளைவு, சாய்வு, இரண்டு பாவைகளுக்கும் இடைத்தூரம் எல்லாம் அளக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்குச் சிலிண்டர் வேறு இருக்கிறது.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் 6 வளைவில் அகலமான ஃபிரேம் போதும்.

கோடிக்கரை_நாரை | மே 12, இரவு 10.30

காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு மேலே பவர் இல்லாத கூலிங் கிளாஸ் மாட்டிக்கொள்ளலாமே? விளையாடுகிறவர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். எந்த வடிவ ஃபிரேமும் கிடைக்கும், விலையும் குறைவு. நான் கோடியக்கரையில் பறவை பார்க்கப் போகும்போது அப்படித்தான். பைனாகுலர் வைக்கவும் வசதி. வேதாரண்யம் உப்பளத்து வெள்ளைக்கு நடுவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கறுப்பு இல்லாமல் கண்ணைத் திறக்கவே முடியாது.

சம்பா_தாளடி | மே 13, காலை 5.35

காண்டாக்ட் லென்ஸோடு ஆற்றில் குளிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் பேரன் ஆட்டம் முடிந்ததும் நேரே வெண்ணாற்றில் குதிக்கிறவன்.

கோடிக்கரை_நாரை | மே 13, காலை 7.00

உண்மைதான் ஐயா. ஆறு, குளம், குழாய்த் தண்ணீர் எதுவும் படக் கூடாது. கருவிழியைத் தின்னும் ஓர் அமீபா தண்ணீரில் இருக்கிறது. வயல் தூசி உள்ளே சிக்கினாலும் அவதி. புதாறுகாரர் ஆடுவது வயலில் என்பதை மறந்துவிட்டேன். என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

புதாறு_கரை | மே 31, இரவு 9.00

வாங்கிவிட்டேன், இரண்டும். வீட்டில் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பைக்குக்குக் காது பிடி மெல்லியதாக, நேராக இருக்கும் ஃபிரேம். ஹெல்மெட்டை மாட்டிய பிறகு உள்ளே சொருக வேண்டுமே. தடித்த பிடி என்றால் அரை மணியில் நெற்றிப்பொட்டு வலிக்கும். இதை இங்கே யாரும் சொல்லவில்லை, நானே ஹெல்மெட்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். லென்ஸின் உள்பக்கம் எதிரொளி தடுக்கும் பூச்சும் போட்டேன். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் கறுப்பு லென்ஸின் உள்ளே பட்டு என் கண்ணையே எனக்குக் காட்டுவது குறைகிறது. ஆட்டத்துக்கு ஸ்லிப் நண்பர் சொன்னபடி பழுப்பு, 6 வளைவு.

புதாறு_கரை | ஜூன் 23, இரவு 8.35

தண்ணீர் வந்துவிட்டது. சனிக்கிழமை பைக்குக் கண்ணாடியோடு திருவையாறு போனேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலத்திலும் நின்று வேடிக்கை பார்த்தேன். பளபளப்பு போய்த் தண்ணீரின் மண் நிறம் தெரிகிறது. கரையோர ஆழமில்லாத இடத்தில் அடியில் கிடக்கும் கல்கூடத் தெரிகிறது.

ஒரு கேள்வி, லென்ஸ் அண்ணே. இடது கண்ணை மூடிப் பார்த்தால் பளபளப்பு முழுதும் மறைகிறது. வலது கண்ணை மூடிப் பார்த்தால் கொஞ்சம் மிஞ்சுகிறது. தலையை வலப்பக்கம் சாய்த்தால்தான் மறைகிறது. ஒரு மணி நேரம் போட்டால் ஏதோ ஒரு கூச்சம். பவர் தவறா?

லென்ஸ்வெட்டி | ஜூன் 23, இரவு 9.10

பவர் இல்லை. இடது லென்ஸைச் சுழன்ற நிலையில் பொருத்திவிட்டார்கள். போலரைஸ்டு படலத்துக்குத் திசை உண்டு, இரண்டு லென்ஸிலும் அது ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். உங்களுக்கு இடதில்தான் சிலிண்டர். சிலிண்டரின் ஆக்சிஸை, அதாவது அது நிற்க வேண்டிய கோணத்தை, படலத்தின் திசையோடு சேர்த்துக் கணக்கிட்டுத்தான் லென்ஸைக் கடைந்து தருவார்கள். அதில் தவறு நேர்ந்திருந்தால், பொருத்துகிறவர் ஆக்சிஸைச் சரியாக வைக்கப் படலத்தைக் கோணலாக்கியிருப்பார். அதைத் திருப்பி வைத்தால் ஆக்சிஸ் கெடும். ஆகவே திருகிச் சரிசெய்து தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், இடது லென்ஸைப் புதிதாகவே கேளுங்கள். கடையில் தண்ணீர் இருக்காது. மேசை மேல் படுக்க வைத்த கண்ணாடித் தகட்டின் பளபளப்பை ஒவ்வொரு கண்ணாலும் பார்க்கச் சொல்லிக் காட்டுங்கள்.

புதாறு_கரை | ஜூலை 5, இரவு 9.48

காட்டினேன். முதலில் பழகிவிடும் என்றார்கள். மேசைக் கண்ணாடியைக் காட்டியதும் அவர்களே மாட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் சீட்டு எழுதினார்கள். நேற்றுப் புது இடது லென்ஸ் வந்தது. கூச்சம் இல்லை. பாபநாசம் சாலையில் ஆடு, மாடு, மனிதர் எல்லோரும் உரிய நேரத்தில் தெரிகிறார்கள்.

ஒரே ஒரு தொல்லை. வண்டியில் போனைப் படுக்கைவாட்டில் மாட்டினால் வரைபடம் கறுத்துவிடுகிறது. நிமிர்த்து மாட்டிச் சமாளித்தேன். ஆனால் பெட்ரோல் பங்க்கில் "ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்கிறார்கள், திரையே எனக்குத் தெரிவதில்லை. ஹெல்மெட்டோடு தலையைத் தோள் வரை சாய்த்துப் பார்க்கிறேன். இன்று காலை அந்தப் பையனும் என்னோடு சேர்ந்து தலையைச் சாய்த்து, மீட்டரில் ஏதாவது கோளாறா என்று கேட்டான்.